விசித்திர வேர்களும் ரூட் கனால் சிகிச்சையும்: யாங்கூனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் சிகிச்சை நாற்காலியில் வந்து உட்காரும் தமிழர்களில் பலருக்குத் தாத்தா இராமநாதபுரத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ நெல் வயலுக்கும் ரங்கூன் துறைமுகத்துக்கும் வேலை தேடி வந்தவர். பாட்டி பகோவிலோ மோலமைனிலோ பிறந்த பர்மியப் பெண், மோன் பெண், சில வீடுகளில் சீனப் பெண். பேரனின் பெயரில் முருகன் இருப்பார். வாயில் பாட்டியின் பல் இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ளாமலேயே முதல் சில ஆண்டுகள் வேலை செய்தேன். அப்போது ஓர் அக்கா கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் வலியோடு வந்தார். மூன்று கால்வாய்களைக் கண்டுபிடித்தேன், கழுவினேன், அடைத்தேன். எக்ஸ்ரே அழகாக இருந்தது. சில மாதங்கள் கழித்து வந்து, "சயாமா (டாக்டரம்மா), சூடாகத் தேநீர் குடித்தால் இன்னும் சுருக்கென்று இழுக்கிறது" என்றார். "சரியாகிவிடும் அக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்குச் சூடு தெரியக் கூடாது. தெரிந்தால், பக்கத்துப் பல்லில் கோளாறு இல்லாதபட்சத்தில், உயிருள்ள திசு உள்ளே எங்கோ மிச்சமிருக்கிறது என்று பொருள். அவர் மறுபடி வந்தபோது எக்ஸ்ரே குழாயைச் சற்றுச் சாய்த்து இன்னொரு படம் எடுத்தேன். பின்வேரின் நிழலுக்குள் ஒளிந்துகொண்டு, நாக்குப் பக்கமாக ஒரு மெல்லிய தனி வேர் இருந்தது. அதற்குள் ஒரு கால்வாய். நான் கையே வைக்காத கால்வாய்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் பல்லைத் திறந்தாலும் கூடுதலாக ஒரு கால்வாய் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லை என்று உறுதியாகும் வரை தேடுகிறேன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பழக்கத்தின் விரிவுதான். முதன்மையாக இளம் பல் மருத்துவர்களுக்காக எழுதுகிறேன். ஆனால் தன் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் நோயாளிக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, முடிந்த இடமெல்லாம் எளிய சொற்களைப் பயன்படுத்துகிறேன்.

முதலில், பல்லின் உட்புறம்

பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ். ஈறுக்கு மேல் தெரியும் கிரீடப் பகுதியில் பற்கூழ் ஓர் அறையாக இருக்கும். அங்கிருந்து வேர்களுக்குள் கால்வாய்களாக இறங்கும். சொத்தை அந்த அறையைத் தொட்டுப் பற்கூழ் அழுகினால், அதை முழுவதும் எடுத்து, கால்வாய்களைக் கிருமி நீக்கி, இறுக்கமாக அடைப்பதே ரூட் கனால்.

கால்வாய் என்றதும் நேரான குழாய் ஒன்று மனக்கண்ணில் வருகிறது. அது தவறு என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வால்டர் ஹெஸ் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். பிடுங்கிய பற்களின் உள்ளே ரப்பரைச் செலுத்தி இறுகவைத்து, வெளிப்பல்லைக் கரைத்துவிட்டு அவர் எடுத்த அச்சுகள் ஆற்றுப் படுகை போல இருந்தன. பிரிவு, சேர்க்கை, குறுக்கு வாய்க்கால், கிளை. ஐராவதி கடலில் விழும் இடத்தை வரைபடத்தில் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் அந்நியமாகத் தெரியாது. பின்னர் 1984இல் வெர்டுச்சி கால்வாய் அமைப்புகளை எட்டு வகைகளாகப் பிரித்தார். அந்த எட்டிலும் அடங்காத பற்களும் வரத்தான் செய்கின்றன.

நம் ஊருக்கு இதில் தனி முக்கியத்துவம் உண்டு. பர்மியரின் கீழ்க் கடைவாய்ப் பற்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் கடைவாய்ப் பற்களில் சுமார் 22 சதவீதம் பிறை வடிவக் கால்வாய் (தனித்தனி வட்டங்களாக இல்லாமல் ஒரே வளைந்த பிளவாக ஓடுவது) கொண்டவையாக இருந்தன. முதல் கடைவாய்ப் பற்களில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு, வழக்கமான இரண்டு வேர்களோடு மூன்றாவது வேர் ஒன்றும் இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களிடம் அந்த மூன்றாவது வேர் பொதுவாக 5 சதவீதத்துக்குள்தான். ஆகவே நோயாளியின் பெயரையோ அவர் பேசும் மொழியையோ வைத்துப் பல்லைக் கணிக்காதீர்கள். கலப்புக் குடும்பங்கள் நிறைந்த நம் சமூகத்தில் அந்தக் கணிப்பு உங்களைக் கைவிட்டுவிடும். பாட்டி எந்த ஊர் என்று கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள், பரவாயில்லை.

படி 1: கருவியைத் தொடும் முன்

எந்தப் பல் என்பதை உறுதி செய்யுங்கள். குளிர்ந்த பொருளை வைத்துப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், ஈறைச் சுற்றி ஆழம் அளந்து பாருங்கள். ஈறு எங்கும் ஒட்டியிருந்து, ஒரே ஓரிடத்தில் மட்டும் அளவுகோல் சட்டென ஆழமாக இறங்கினால் வேரில் விரிசலாக இருக்கலாம். மேல்தாடையின் பக்கவாட்டு வெட்டுப்பல்லாக இருந்தால், அண்ணப் பக்கத்தில் வேர் வரை ஓடும் பிறவிப் பள்ளமாகவும் இருக்கலாம். இரண்டிலும் ரூட் கனால் மட்டும் செய்து பல்லைக் காப்பாற்ற முடியாது.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, எலும்பு மாத்திரை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுவாரா என்றும் கேளுங்கள். கேட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. தெருமுனைக்குத் தெருமுனை கூன்யா கடை இருக்கும் ஊரில் பல்லின் நிறமே பதில் சொல்லிவிடும். பல்லாண்டுகள் கடினமான பாக்கை மென்றவருக்கு மேல்தளம் தேய்ந்து தட்டையாகியிருக்கும். அந்தத் தேய்மானத்துக்கு எதிராகப் பல் உள்ளே புதிய டென்டினைப் போட்டுக்கொண்டே வரும். அறையின் கூரை கீழே இறங்கி, தரையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடும். இத்தகைய பல்லில் துளையிடும்போது "இப்போது குழிக்குள் விழும்" என்ற அந்த உணர்வை எதிர்பார்க்காதீர்கள். எதிர்பார்த்துக் கொண்டே போனவர்கள் தரையையும் துளைத்திருக்கிறார்கள்.

படி 2: எக்ஸ்ரே, ஒன்று அல்ல இரண்டு

நேராக ஒரு படம். குழாயை 20 பாகை அளவுக்கு முன்பக்கமாக நகர்த்தி இன்னொரு படம். இரண்டாவது படத்துக்காக ஆகும் சில நிமிடங்களைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். அந்த அக்காவுக்கு நான் விட்டதே அதைத்தான்.

கோணம் மாறிய படத்தைப் படிக்க ஒரே விதி: குழாய் நகர்ந்த திசையிலேயே நகர்ந்திருப்பது நாக்குப் பக்கத்துக் கால்வாய், எதிர்த் திசையில் போயிருப்பது கன்னப் பக்கத்துக் கால்வாய். 1910இல் கிளார்க் சொன்ன இந்த விதியை விரல்களை வைத்துப் பார்த்தாலே புரியும். இரண்டு விரல்களை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை வலப்பக்கம் நகர்த்துங்கள். தொலைவிலுள்ள விரல் தலையோடு சேர்ந்து வலப்பக்கம் போவது போலத் தெரியும்.

படத்தில் எதைத் தேடுவது? வேரின் ஓரத்தில் இரட்டைக் கோடு தெரிந்தால், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு வேர்கள் நிற்கலாம். நன்றாகத் தெரிந்து வந்த கால்வாய் நடு வேரில் சட்டென்று மங்கி மறைந்தால் அது அங்கே இரண்டாகப் பிரிகிறது. கீழ் முன்கடைவாய்ப் பற்களில் இது அடிக்கடி. வேர்கள் இரண்டும் ஒட்டி ஒரே கூம்பாகத் தெரிந்து, நடுவில் மங்கலாக ஒரு மூன்றாவது நிழல் ஓடினால் பிறை வடிவத்தை எதிர்பாருங்கள். ஃபைலை (கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் மெல்லிய ஊசி போன்ற கருவி) வைத்து எடுத்த படத்தில் ஃபைல் வேரின் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றால், மறுபுறத்தில் இன்னொரு கால்வாய் காத்திருக்கிறது.

முப்பரிமாண கோன் பீம் ஸ்கேன் எடுக்க வசதியிருந்தால், சந்தேகமான பல்லுக்குச் சிறிய பரப்பளவில் எடுங்கள். எல்லாப் பல்லுக்கும் வேண்டாம். கதிர்வீச்சும் செலவும் நோயாளியின் தலையில் விழுகின்றன. இரண்டு கோணப் படமும் கவனமான கண்ணும் பெரும்பாலான பற்களுக்குப் போதும் என்பது என் அனுபவம்.

படி 3: மரத்துப்போக ஊசி, பிறகு ரப்பர் டேம்

கடும் வீக்கத்திலுள்ள கீழ்க் கடைவாய்ப் பல்லில், தாடை நரம்புக்குப் போடும் ஊசி மட்டும் பல நேரங்களில் போதாது. உதடு மரத்திருக்கும், பல் மரத்திருக்காது. குளிர் வைத்துச் சோதித்துவிட்டே தொடங்குங்கள். தேவையானால் கன்னப் பக்கத்திலோ பல்லைச் சுற்றியுள்ள தசைநாரிலோ கூடுதல் ஊசி போடுங்கள். வலியில் துடிக்கும் நோயாளியின் பல்லில் மறைந்திருக்கும் கால்வாயை யாராலும் பொறுமையாகத் தேட முடியாது.

ரப்பர் டேம் இல்லாமல் ரூட் கனால் செய்யாதீர்கள். 1864இல் பர்னம் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்த எளிய ரப்பர் தாள்தான் அது. எச்சிலின் கிருமி உள்ளே போகாது, மருந்து தொண்டைக்குள் இறங்காது, சிறிய ஃபைல் நழுவி விழுங்கப்படாது. "மூச்சு முட்டுமே" என்று பயப்படும் பெரியவர்களிடம், மூக்கு வெளியேதான் இருக்கும் என்று ஒரு கண்ணாடியில் காட்டிவிடுங்கள், அமைதியாகிவிடுவார்கள். நோயாளியாக இதைப் படிப்பவர்கள், ரப்பர் தாள் போடுவீர்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

படி 4: திறப்பு. இங்கேதான் பாதி வெற்றி

பாடநூல் படத்தில் முக்கோணம் இருக்கிறது என்பதற்காக முக்கோணமாக வெட்டாதீர்கள். பல்லின் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். எனாமலும் வேரும் சேரும் கோட்டின் மட்டத்தில், பல்லின் நடுவில்தான் அறை இருக்கும். 500 பற்களை வெட்டி ஆராய்ந்து கிராஸ்னரும் ரான்கோவும் 2004இல் எழுதிய விதிகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். கிரீடம் சாய்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம், தொப்பி (செயற்கை உறை) போட்டு வடிவம் மாறியிருக்கலாம். கழுத்து பொய் சொல்லாது.

கூரையை முழுவதும் எடுங்கள். ஓரத்தில் ஒரு விளிம்பு மிச்சமிருந்தால் அதன் அடியில்தான் நீங்கள் தேடும் கால்வாயின் வாய் இருக்கும். கூரை போய்விட்டதா என்பதைத் தரையின் நிறமே சொல்லும். தரை சாம்பல் கலந்த கருமை, சுவர் வெளிர் நிறம். சுவரும் தரையும் சந்திக்கும் கோடு முழுச் சுற்றாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால்வாய்களின் வாய்கள் அந்தக் கோட்டின் மேல், அதன் மூலைகளில் இருக்கும். தரையில் கருங்கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளின் முடிவில் இருக்கும். கோடு ஒரு மூலைக்குப் போய் அங்கே வாய் எதுவும் இல்லையென்றால், தேடல் முடியவில்லை.

இன்னொரு விதி சமச்சீர். மேல் கடைவாய்ப் பல்லைத் தவிர மற்றவற்றில், தரையின் நடுவே முன்பின்னாக ஒரு கோடு போட்டால் கன்னப் பக்க வாயும் நாக்குப் பக்க வாயும் அதிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் பின் பகுதியில் ஒரே ஒரு வாயைக் காண்கிறீர்கள், அது கோட்டின் மேலேயே இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒரு கால்வாய்தான். அது கன்னப் பக்கமாக ஒதுங்கி நின்றால், நாக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு துணை இருக்கிறது. நான் முதலில் தவறவிட்ட அந்த நான்காவது கால்வாயைப் பற்றி, பல்லின் தரை அன்றே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். படிக்கத் தெரியாதவள் நான்தான்.

தேடுவதற்கு வெளிச்சமும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும் அவசியம். நுண்ணோக்கி இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் விளக்கு பொருத்திய லூப் கண்ணாடியாவது வைத்திருக்க வேண்டும். மின்சாரம் முறை வைத்து வரும் யாங்கூனில், மின்கலத்தில் எரியும் அந்தச் சிறு விளக்கு எத்தனையோ முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. கூர்மையான நீண்ட ஆய்வு ஊசியால் தரையை அழுத்துங்கள். வாய் இருக்கும் இடத்தில் ஊசி சற்றுப் பிடித்துக்கொள்ளும். மெத்திலீன் நீலச் சாயம் விட்டுக் கழுவினால் வாய்களிலும் இணைப்புப் பள்ளங்களிலும் நீலம் தங்கிவிடும். இன்னொரு வழி, அறையில் சோடியம் ஹைப்போகுளோரைட்டை (கிருமியைக் கொன்று திசுவைக் கரைக்கும் திரவம்) நிரப்பிவிட்டுக் கண் எடுக்காமல் பார்ப்பது. பற்கூழ் மிச்சமிருக்கும் இடத்திலிருந்து குமிழிகள் நூல் பிடித்தாற்போல மேலே வரும்.

படி 5: இந்தப் பல்லில் எதை எதிர்பார்ப்பது?

பிறை வடிவக் கால்வாயைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் அதிகம் வருவது அதுதான். கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல் வளரும்போது, வேரை வார்க்கும் உறை ஒரு பக்கம் இணையாமல் போனால் இரண்டு வேர்களும் ஒட்டிக்கொண்டு, கால்வாய்கள் தனித்தனி வட்டங்களாக இல்லாமல் ஒரே வளைந்த பிளவாக ஓடும். மேலிருந்து பார்த்தால் மூன்றாம் பிறை. 1979இல் குக், காக்ஸ் ஆகிய இருவரும் இதை முதலில் விவரித்தார்கள். திறந்தவுடன் இரண்டு அடையாளங்களைக் கவனியுங்கள். தரை எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருக்கும். முன் கால்வாயையும் பின் கால்வாயையும் சுத்தம் செய்த பின்னும் இரத்தம் நிற்காமல் கசியும். கசிவது அந்த இரண்டையும் இணைக்கும் பிளவிலிருந்து. துளை விழுந்துவிட்டதோ என்று பதறி நிறுத்திய இளம் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேலே பிறையாகத் தெரிவது கீழே போகப் போக மாறும்: சிலவற்றில் இரண்டாகப் பிரியும், சிலவற்றில் மூன்றாகும், சில நுனி வரை பிளவாகவே போகும். எனவே பிளவின் நெடுகிலும் 10ஆம் எண் ஃபைலை இறக்கி, எங்கெங்கே அது தனியாக ஆழம் போகிறது என்று தடவிப் பாருங்கள். எச்சரிக்கை ஒன்று உண்டு. பிறையின் உட்புறம், பெரும்பாலும் நாக்குப் பக்கம், வேரின் வெளியே ஒரு பள்ளம் ஓடுகிறது. அங்கே சுவர் மிக மெல்லியது. பெரிய சுழல் கருவிகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். பிளவுப் பகுதியை 25ஆம் எண்ணுக்கு மேல் அகலப்படுத்த வேண்டாம். மீதியை மருந்து செய்யட்டும்.

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் வருவது நாக்குப் பக்க மூன்றாவது வேர். 1844இலேயே கராபெல்லி இதைக் குறித்திருக்கிறார். திறப்பை முக்கோணத்திலிருந்து நாற்கோணமாக, பின்-நாக்கு மூலையை நோக்கி நீட்டுங்கள். இந்த வேர் சிறியது. கன்னத்தை நோக்கிக் கொக்கி போல வளைந்திருக்கும். எக்ஸ்ரேயும் கன்னப் பக்கத்திலிருந்தே எடுக்கப்படுவதால் அந்த வளைவு படத்தில் தெரியாது. நேரான கால்வாய் என்று நம்பி வேகமாக இறங்கினால் ஃபைல் உடையும். வாயை முதலில் அகலப்படுத்தி, முன்கூட்டியே வளைத்த சிறு ஃபைலால் இறங்குங்கள்.

மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்-கன்ன வேரில் இரண்டாவது கால்வாய் இருப்பதே வழக்கம், இல்லாததுதான் விதிவிலக்கு. முதல் வாயிலிருந்து அண்ணக் கால்வாயின் வாயை நோக்கி ஒரு கோடு போட்டு, அதற்குச் சற்று முன்பக்கமாக 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் தேடுங்கள். அதன் மேல் டென்டின் ஒரு திண்ணை போல மூடியிருக்கும். அல்ட்ராசோனிக் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அடிக்கடி கழுவி, காய்ந்த நிலையில் பாருங்கள்.

கீழ் வெட்டுப்பற்கள் மெலிந்த சிறு பற்கள், எல்லோரும் ஒரு கால்வாயோடு முடித்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 40 சதவீதத்தில் இரண்டு கால்வாய்கள் உண்டு. பெரும்பாலானவை நுனிக்கு முன்பே ஒன்றுசேர்ந்துவிடும். தவறவிடப்படுவது எப்போதும் நாக்குப் பக்கத்தில் உள்ளது. திறப்பை அந்தப் பக்கம் கீழ்நோக்கி நீட்டினாலே கிடைத்துவிடும். கீழ் முன்கடைவாய்ப் பல்லில் கால்வாய் ஆழத்தில் பிரிவதால், ஃபைலின் நுனியை மட்டும் கூர்மையாக வளைத்து, நாக்குப் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்க வேண்டும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். கிழக்காசிய வம்சாவளியில் சில பிள்ளைகளுக்குக் கீழ் முன்கடைவாய்ப் பல் முளைக்கும்போது, மேல்தளத்தின் நடுவில் அரிசிமணி போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பற்கூழின் இழை இருக்கலாம். மென்று மென்று முனை உடைந்தால், சொத்தையே இல்லாத பல் சீழ் பிடித்துவிடும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் இப்படி ஒரு முனையைக் கண்டால் உடனே அழைத்து வாருங்கள். அதைச் சுற்றிப் பிசின் வைத்துத் தாங்கிவிட்டால் ரூட் கனால் தேவைப்படாமலே போகலாம். காலம் கடந்து வந்தால், வேர் நுனி இன்னும் மூடாத நிலையில் சிகிச்சை செய்வது வேறு வகைச் சிரமம்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்தாடையின் பக்கவாட்டு வெட்டுப்பல்லில் எனாமல் உள்நோக்கி மடிந்து, பல்லுக்குள் பல் போலத் தெரிவதை ஓலர்ஸ் 1957இல் மூன்று வகையாகப் பிரித்தார். மூன்றாம் வகையில் மடிப்பு வேரைத் துளைத்து வெளியேறுவதால் ஸ்கேன் இல்லாமல் தொடாதீர்கள். காளைப்பல் என்ற வகையில் அறை மிக நீண்டு, தரை கிட்டத்தட்ட வேர் நுனிக்கு அருகில் இருக்கும். திறந்ததும் இரத்தம் கொட்டும், வாய்கள் கிணற்றடியில் இருப்பது போல் தெரியும்.

படி 6: நீளமும் வழியும்

முதலில் 8 அல்லது 10ஆம் எண் ஃபைல், கையால். சாம்பல் நிறக் கைப்பிடி 8, ஊதா 10. 10 என்றால் நுனியின் அகலம் 0.10 மில்லிமீட்டர். கடிகாரச் சாவி கொடுப்பது போல இருபுறமும் லேசாகத் திருப்பி இறக்குங்கள்; அழுத்தாதீர்கள். இறங்காத இடத்தில் ஃபைலை எடுத்து அதன் நுனியைப் பாருங்கள்: அது வளைந்து வந்திருந்தால், கால்வாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அதுவே வரைந்து காட்டுகிறது. எல்லா ஃபைல்களையும் அதே போல் வளைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தை மின்னணு நுனி காட்டியால் அளந்து, எக்ஸ்ரேயால் சரிபாருங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் நுனிக்கு 0.5 முதல் 1 மில்லிமீட்டர் முன்பாக நிறுத்துவது வழக்கம். பிறை வடிவக் கால்வாயில் இரண்டு ஃபைல்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு ஒன்றையொன்று ஏமாற்றும். ஒவ்வொன்றையும் தனியாக வைத்து அளக்க வேண்டும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரிந்த நாளில், எக்ஸ்ரே வேலைகளை முன்னதாக முடித்துக்கொண்டு, கையால் செய்யும் வேலையைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். ஃபைல் சுழற்றும் மோட்டார் மின்கலத்தில் ஓடுவதாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், மோட்டார் இல்லாமலும் ஒரு கால்வாயை முடிக்கத் தெரிந்திருப்பது.

வளைந்த கூடுதல் வேர்களில் பெரிய அளவுக்கு ஆசைப்பட வேண்டாம். நுனியில் 25 வரை ஒழுங்காகப் போனால் நிறைவு கொள்ளுங்கள்.

படி 7: கழுவுதல்

வித்தியாசமான அமைப்புள்ள பல்லில் ஃபைல் தொடும் இடத்தைவிடத் தொடாத இடமே அதிகம். பிளவுகளையும் குறுக்கு வாய்க்கால்களையும் சுத்தம் செய்வது திரவம்தான். சோடியம் ஹைப்போகுளோரைட், 2.5 முதல் 5.25 சதவீதம், தாராளமாக, அடிக்கடி மாற்றி. சித்திரை வெயிலில் யாங்கூனின் அறை வெப்பத்தில் வைத்த புட்டி சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். இருண்ட புட்டியில், குளிர்ந்த இடத்தில், சிறிது சிறிதாக வாங்கி வையுங்கள். பக்கவாட்டில் துளையுள்ள ஊசியைக் கால்வாயில் இறுகாமல், நுனிக்கு 2 மில்லிமீட்டர் முன்பாக நிறுத்தி, மெல்ல அழுத்துங்கள். இந்தத் திரவம் வேருக்கு வெளியே போனால் கடும் வலியும் வீக்கமும் உடனே வரும். அவசரம் கூடவே கூடாத இடம் இது.

கடைசிக் கட்டத்தில் 17 சதவீத ஈ.டி.டி.ஏ. (சுவரில் ஒட்டிய டென்டின் துகளைக் கரைக்கும் திரவம்) ஒரு நிமிடம், பிறகு மீண்டும் ஹைப்போகுளோரைட். அல்ட்ராசோனிக் முனையால் திரவத்தை அதிரவையுங்கள். பிறை வடிவக் கால்வாயில் இதைத் தவிர்க்கவே முடியாது. அந்த வசதி இல்லையென்றால், பொருத்தமான கட்டா பெர்ச்சா (கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) குச்சியை மேலும் கீழும் சில மில்லிமீட்டர் வேகமாக அசைத்தாலும் திரவம் உள்ளே அலைமோதும். செலவே இல்லாத வழி. குளோரெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினியையும் ஹைப்போகுளோரைட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக விடாதீர்கள். இரண்டும் கலந்து பழுப்பு நிற வண்டலாகக் கால்வாயை அடைத்துவிடும்.

சீழ் வடிந்துகொண்டே இருந்தால் அன்றே முடிக்க வேண்டாம். கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, தற்காலிகமாக இறுக்கி மூடி, ஒன்றிரண்டு வாரம் கழித்து அழையுங்கள். பங்குனியில் தீமிதிக்குக் காப்புக் கட்டியவர்கள் விரத நாள்களில் வரமாட்டார்கள். முதல் நாளே தேதியைக் கேட்டுக்கொண்டு, நடுவில் விடாமல் திட்டமிடுங்கள். பாதியில் விட்ட பல் திறந்தே கிடக்கும்.

படி 8: அடைத்தல்

வட்டமான கால்வாய்க்கு வட்டமான குச்சி பொருந்தும். பிறைக்குப் பொருந்தாது. ஆகவே சூடாக்கி இளக்கிய கட்டா பெர்ச்சாவை அழுத்தி நிரப்பும் முறையே பிறை வடிவத்துக்கு ஏற்றது. ஒரு முனையில் அழுத்தும்போது மறு முனை வழியாகப் பொருள் பிதுங்கும். அங்கே இன்னொரு கருவியால் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சூடாக்கும் கருவி இல்லாத மருத்துவமனையில், நன்றாகப் பாயும் பயோசெராமிக் பசையோடு பிளவில் பல சிறு குச்சிகளை அடுக்கிச் செய்யலாம். உடனே ஒரு எக்ஸ்ரே, மறுபடியும் இரண்டு கோணங்களில்.

வேருக்குள் ஆணி (மேல் கட்டுமானத்தைத் தாங்க வைக்கும் தண்டு) அடிப்பதைத் தவிருங்கள். பிறை வடிவ வேரில் மெல்லிய சுவர் பிளந்துவிடும். தவிர்க்க முடியாவிட்டால் பின் கால்வாயில் மட்டும்.

படி 9: மூடி, கண்காணித்து

கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி போடாமல் சிகிச்சை முடிந்தது என்று சொல்லாதீர்கள். பாக்கு மெல்லும் வாயில் தொப்பி இல்லாத பல் நிற்காது. வெற்றிலைப் பழக்கத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். புற்றுநோய் ஆபத்தையும் சேர்த்தே சொல்லுங்கள், வாயின் உட்புறத்தைப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். அதைச் செய்ய உங்களைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது.

ஆறு மாதத்தில் ஒரு படம், ஓர் ஆண்டில் ஒரு படம். நுனியிலுள்ள கருநிழல் சிறுத்துக்கொண்டு வர வேண்டும். பெரிய நிழல் முழுவதும் மறையச் சில ஆண்டுகள் ஆகலாம். வலி இல்லை என்பது மட்டும் குணமானதற்குச் சான்றாகாது.

தேடியும் வாய் கிடைக்கவில்லை, சுவர் மெலிந்துகொண்டே போகிறது, வழக்கத்துக்கு மாறான இடத்தில் இரத்தம் வருகிறது என்றால் நிறுத்துங்கள். மூடிவிட்டு, நுண்ணோக்கி உள்ளவரிடமோ பல் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்புங்கள். யாங்கூனிலும் மண்டலையிலும் அவை இருக்கின்றன. எடுத்த படங்களையும், எதுவரை போனீர்கள் என்ற குறிப்பையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக நோயாளியின் அட்டை. எத்தனை வேர், எத்தனை கால்வாய், ஒவ்வொன்றின் நீளம், எந்த இடத்திலிருந்து அளந்தது என்று எழுதி, தரையின் சிறு படமும் வரைந்து வையுங்கள். பிறை வடிவமும் மூன்றாவது வேரும் பல நேரங்களில் தாடையின் இரு பக்கமும் இருக்கும். அந்த அக்காவின் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மறுபக்கத்துப் பல் வலித்தபோது, அட்டையைப் பார்த்துவிட்டு நேராக நாக்குப் பக்கத்து மூலைக்குப் போனேன். நான்காவது வாய் அங்கேயே இருந்தது.